கழிவறை இல்லாத மாளிகை

லாரியிலிருந்து இறக்கிய மாளிகை, பந்தலின் இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவது கம்பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெறும் காகிதமும் மூங்கிலும்தான் என்றாலும் எட்டடி உயரம், இரண்டு மாடி. பொன்னிறக் கூரை. வாசலில் கைகட்டி நிற்கும் காகித வேலையாட்கள் இருவர். பக்கத்தில் ஒரு காகிதக் கார்.

"இடது பக்கம் சாய்ங்க!" என்று கத்தினான் கியான் ஹுவாட்.

"எந்த இடது அண்ணே? எனக்கு இடதா, வீட்டுக்கு இடதா?" மாளிகையைச் செய்த ஆ லெக் உள்ளேயிருந்து கேட்டான். அவன் தலை மேல்மாடி ஜன்னலில் தெரிந்தது.

"ரோட்டுக்கு இடது!"

"ரோடு எனக்குப் பின்னால இருக்கு அண்ணே!"

கியான் ஹுவாட்டுக்கு அறுபத்து மூன்று வயது. தஞ்சோங் கெராங் நகராண்மைக் கழகத்தில், கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தரும் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாசல் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், கூரை எவ்வளவு உயரம், கார் திரும்ப எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். கம்பத்துக்குக் கம்பம் ஆறடி போதும் என்று பந்தல்காரனிடம் சொன்னவனும் அவன்தான்.

கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்த அத்தை இதைப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். காதோரம் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்து, அவன் நெற்றியிலேயே ஒரு வட்டம் போட்டிருப்பாள்.

அத்தையின் பெயர் இயாப் குவாட் சிம். வயது எண்பத்தெட்டு. அந்த வட்டாரத்திலேயே கட்டடக் கலைஞர் என்று பலகை மாட்டிய முதல் பெண். பலகையைப் பார்த்துவிட்டு முதன்முதலில் படியேறி வந்தவர், "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று கேட்டாராம். "அவர் இன்னும் பொறக்கவே இல்ல, நீங்க உக்காருங்க" என்று சொல்லி, அத்தை அவருக்கு ஓர் அரிசி ஆலை வரைந்து கொடுத்தாள். அந்த வீட்டுக்காரர் கடைசிவரை பிறக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் மூன்று, சினிமாக் கொட்டகை ஒன்று, பேருந்து நிலையம் ஒன்று, கணக்கில்லாத வீடுகள், ஒரு சந்தை என்று நாற்பது வருடம் அத்தை கட்டிக்கொண்டே இருந்தாள்.

போன திங்கட்கிழமை காலை, புதிதாகத் திறந்த கிளினிக்கின் சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது என்று பத்திரிகைக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். 'இதை வரைந்த மடையன்' என்பது வரை எழுதி, பேனாவை மூடி வைத்து, மேஜைமேல் தலைசாய்த்தாள். அவ்வளவுதான்.

இன்றைக்கு வியாழன். நாளைக் காலை அடக்கம். சீனர் வழக்கப்படி, இன்று மாலை ஐந்து மணிக்கு மாளிகையை எரித்து அத்தைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்புவதற்கு முதலில் அது பந்தலைத் தாண்டவேண்டும்.

கடைசியில் ஒரு கம்பத்தைப் பிடுங்கினார்கள். மாளிகை வெளியே வந்தது. பந்தல் ஒரு பக்கம் லேசாகத் தலைகுனிந்தது. கியான் ஹுவாட்டின் அக்கா ஐரீன், கையில் தேநீர்க் கோப்பையோடு மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"இதுல கக்கூஸ் எங்கடா?"

ஆ லெக் சிரித்தான். "முப்பது வருஷமா வீடு செய்றேன் அக்கா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. செத்தவங்களுக்கு அது எதுக்கு?"

"கார் எதுக்கு?"

"எங்கயாச்சும் போறதுக்கு."

"டிவி எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"சாப்பாட்டு மேஜை?"

"சாப்பிட..." ஆ லெக் நிறுத்திக்கொண்டான். பேச்சு தன்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"படிக்கட்டும் இல்ல. மேல்மாடிக்கு எப்படிப் போறது?" என்றான் கியான் ஹுவாட், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

"ஆவிதானே அண்ணே, அப்படியே பறந்து..."

"எங்க அத்தை யாரு தெரியுமா? சந்தையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டினவங்க. இந்த வீட்டை அனுப்பி வெச்சா உன் கனவுலதான் வந்து நிப்பாங்க, என் கனவுல இல்ல" என்றாள் ஐரீன்.

ஆ லெக் முகத்திலிருந்த சிரிப்பு போயே போய்விட்டது. "அஞ்சு மணிக்குள்ள செஞ்சிடறேன் அக்கா. ஆனா கெட்டி அட்டை வேணும். கைவசம் இல்ல."

அந்தச் சந்தைக் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், சந்தைக்கு அத்தை போட்ட வரைபடத்தில் பெண்களுக்கென்று நான்கு கழிவறைகள் இருந்தன. நகராண்மைக் கழகத்தில் இருந்த பதினொரு ஆண்களும் அதை அடித்து நீக்கச் சொன்னார்கள். மீன் விற்கிற பெண்களுக்கு இது எதற்கு, இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தார்களோ அப்படியே சமாளிக்கட்டும் என்றார்கள். அத்தை வாக்குவாதம் செய்யவில்லை. வரைபடத்தை விளக்குவதற்காக ஒரு கூட்டம் கேட்டாள். எல்லாருக்கும் அவள் செலவிலேயே மூன்று முறை தேநீர் வந்தது. கூரையின் இடைவெளி வழியாகக் காற்று எப்படி உள்ளே வரும், மீன் கழுவிய தண்ணீர் எப்படித் தானாகவே வடியும் என்று மூன்று மணி நேரம் நிதானமாக விளக்கினாள். கூட்டம் நடந்த கட்டடத்தில் இருந்த ஒரே கழிவறையின் சாவி அவள் கைப்பையில் இருந்தது. மூன்றாவது மணி நேரத்தின் முடிவில், நான்கு கழிவறைகளும் ஒருமனதாக நிறைவேறின.

சரியாகப் பத்து மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட இருவர் சாம்பல் நிறப் பெட்டிகளை இறக்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"பெட்டி ஏற்கெனவே வந்தாச்சே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "அதுவும் இது ரொம்பச் சின்னதா இருக்கே?"

பின்னாலேயே முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள், ஊதுவத்திப் புகையைப் பார்த்தாள், சட்டத்துக்குள் சிரிக்காமல் இருந்த அத்தையின் படத்தைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த காகிதம் நழுவியது.

"நான் ஹஸ்னா சார், பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலேருந்து வர்றேன்" என்றாள் கியான் ஹுவாட்டிடம். "மேடத்தோட வரைபடங்களை எடுத்துட்டுப் போக இன்னைக்கு நேரம் கொடுத்திருந்தாங்க."

"யாரு கொடுத்தா?"

"மேடமேதான்." அவள் கடிதத்தை நீட்டினாள். அத்தையின் கையெழுத்து, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. வியாழன், காலை பத்து மணி. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். "வெளியூர் போறாங்க போலன்னு நினைச்சோம் சார். இந்த மாதிரி இல்லாம இருப்பாங்கன்னு நினைக்கல. மன்னிச்சிடுங்க, இன்னொரு நாள் வர்றோம்."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் ஐரீன். "அவங்க பத்து மணின்னா பத்து மணிதான். டேய் கியான் ஹுவாட், மேல கூட்டிட்டுப் போ. வரிசையில ஒண்ணு மாறினாலும் நம்மளச் சும்மா விடமாட்டாங்க."

மாடியில் அத்தையின் வரைபட அறை. நான்கு சுவரிலும் தட்டையான இழுப்பறைகள். மேஜைமேல் அத்தை தன் கையாலேயே எழுதிவைத்த பட்டியல். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. ஹஸ்னா எண்ணைப் படிக்க, உதவியாளர்கள் எடுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். குடும்பத்தின் சார்பில் கியான் ஹுவாட் பக்கத்தில் நின்றான்.

"எண்பத்தெட்டு. மளிகைக் கடை. 'கட்டப்படவில்லை, நல்லதாய்ப் போயிற்று.'" ஹஸ்னா வாயை இறுக்கிக்கொண்டாள். "இருநூற்று மூணு. பங்களா. 'வீட்டுக்காரி அறிவாளி. வீட்டுக்காரர் பணக்காரர்.'"

"அப்படியேவா எழுதியிருக்காங்க?"

"அப்படியேதான் சார். இதையெல்லாம் நாங்க மாத்தக் கூடாது." அவள் பக்கத்தைத் திருப்பினாள். "நானூத்திப் பதினாறு. சந்தை, அசல் வரைபடம், இருபத்து மூணு தாள். நானூத்திப் பதினேழு. சந்தை, இடிப்பு. 'அனுமதிக் கடித நகல், இணைப்பு இரண்டு. கையெழுத்து, என் அண்ணன் மகன்.'"

கியான் ஹுவாட் எதிரேயிருந்த இழுப்பறையைத் திறந்து மூடினான்.

ஹஸ்னா பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மேடத்துக்கு எத்தனை அண்ணன் சார்?"

"ஒருத்தர்தான்."

"அவருக்கு எத்தனை பசங்க?"

"ஒரு பொண்ணு. அப்புறம்... ஒரு பையன்."

"சரி சார்" என்றாள் ஹஸ்னா.

தொண்ணூற்றெட்டில் அந்தச் சந்தையை இடித்தார்கள். அந்த இடத்தில் ஆறு மாடிக் கார் நிறுத்தும் கட்டடம் வந்தது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டிய மேலதிகாரி, அந்த வாரம் பார்த்துப் பித்தப்பைக் கல்லுக்கு விடுப்பு எடுத்தார். கல் கரைந்து அவர் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. கியான் ஹுவாட்தான் தட்டச்சு செய்தான், கியான் ஹுவாட்தான் கையெழுத்துப் போட்டான். அத்தையிடம், "மேலிடத்து முடிவு" என்று மட்டும் சொன்னான். இடித்த அன்று அவன் அலுவலகச் சமையலறையில் ஒளிந்திருந்தான். அத்தை எதிர்ப்பக்கக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, சுவர் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். அன்று மாலை அவனிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம். "தரைச் சாய்வு சரியாத்தான் போட்டிருந்தேன். இடிக்கற அன்னைக்கும் தண்ணி நிக்கலடா."

அதற்குப்பின் இருபத்தாறு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டில் சாப்பிட்டான். தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாது என்று நம்பித்தான் அத்தனை சோறும் இறங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு ஹஸ்னாவும் உதவியாளர்களும் தேநீருக்குக் கீழே இறங்கினார்கள். கியான் ஹுவாட் நானூற்றுப் பதினேழாவது உறையை எடுத்து, பனியனுக்குள் செருகி, இரங்கலுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை மேலே இழுத்துவிட்டான். இறங்கிய வேகத்தில் ஐரீன் கையைப் பிடித்துவிட்டாள்.

"எங்க போற? பூசாரி காத்திட்டிருக்காரு. வந்து மண்டி போடு."

மண்டி போட்டான். மணி அடித்தது. குனிந்தான். வயிற்றில் உறை மொறுமொறு என்றது. நிமிர்ந்தான், மறுபடியும் மொறுமொறு. பூசாரி மந்திரத்தை நிறுத்தாமலேயே ஓரக்கண்ணால் பார்த்தார். பதினெட்டு முறை குனிந்து எழவேண்டியிருந்தது. பத்தாவது முறையில் பக்கத்திலிருந்த ஐரீன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அத்தை முன்னாடி என்னத்தடா தின்னுட்டிருக்க?" என்றாள்.

சடங்கு முடிந்ததும் நேராக மாளிகைக்குப் போனான். அதில் போட்டுவிட்டால் ஐந்து மணிக்கு எல்லாம் சாம்பல். ஆ லெக் கீழ்த்தளத்தில் குந்தி உட்கார்ந்து, சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹஸ்னா, தேநீர்க் கோப்பையோடு.

"நான்தான் ஒரு பெட்டி கொடுத்தேன் சார்" என்றாள். "அமிலம் இல்லாத அட்டை. முந்நூறு வருஷம் கெடாது."

"இன்னும் நாலு மணி நேரம் தாங்கினா போதும்மா" என்றான் ஆ லெக்.

ஹஸ்னா மாடிக்குப் போகும்வரை கியான் ஹுவாட் காகிதக் காரை ரசிப்பதுபோல நின்றான். பிறகு உறையை உருவி மேல்மாடி ஜன்னலுக்குள் நீட்டினான்.

"என்ன அண்ணே அது?"

"ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு காகிதம்."

"சும்மாவெல்லாம் போடக்கூடாது. பட்டியல்ல எழுதணும்." ஆ லெக் காதிலிருந்த பேனாவை எடுத்தான். "பூசாரி பட்டியலைச் சத்தமாப் படிப்பாரு. பேரு சொல்லி அனுப்பினாத்தான் அவங்க கைக்குப் போய்ச் சேரும்."

"எரிச்சா அழிஞ்சுதானே போகும்?"

ஆ லெக் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அழியறதுக்கா அண்ணே இவ்வளவு செலவு பண்ணி எரிக்கறோம்? இங்க எரிஞ்சா அங்க இருக்கும். அவங்க சாவகாசமா உக்காந்து படிப்பாங்க."

கியான் ஹுவாட்டின் கை ஜன்னலிலேயே நின்றது. அப்புறம் மெதுவாக வெளியே வந்தது. ஒன்றை அனுப்புவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது என்று அவனுக்குத் தோன்றியது. முப்பத்தோரு வருட வேலையில் ஒருமுறைகூட அப்படித் தோன்றியதில்லை.

மாளிகைக்குப் பின்னால், பிடுங்கிய கம்பத்தின்மேல் உட்கார்ந்து பிரித்தான்.

மேலே இருந்தது அவன் கடிதத்தின் நகல். கடிதம் மலாய் மொழியில். அதில் சந்தைக்குப் 'பாசார்', வேலிக்குப் 'பாகார்'. நடுவில் ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தைத்தான் அவன் மாற்றி அடித்திருந்தான். கடிதத்தின்படி தஞ்சோங் கெராங் நகராண்மைக் கழகம் இடிக்க அனுமதி கொடுத்திருந்தது சந்தையை அல்ல, வேலியை. அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். ஓரத்தில் 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லும் தேதியும். அவன் கையெழுத்துப் போட்ட மூன்றாவது நாள். இடிப்பதற்கு இன்னும் எட்டு நாள் இருந்திருக்கிறது.

அடுத்தது ஒரு வழக்கறிஞர் அத்தைக்கு எழுதியது. 'இவர்கள் இடிக்க அனுமதித்திருப்பது வேலியை. இதை வைத்து ஒரே நாளில் தடை வாங்கிவிடலாம். வழக்கு முடியும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது, அதற்குள் ஊரையும் திரட்டிவிடலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் வேலை போய்விடும். மேற்கொண்டு நடத்தட்டுமா?'

மூன்றாவது, அத்தை போட்ட பதிலின் நகல். இரண்டே வரி.

'வேண்டாம். விசாரித்துவிட்டேன், அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.'

கியான் ஹுவாட் அதை இரண்டு முறை படித்தான். பிறகு சிரித்துவிட்டான். பந்தலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தான். சந்தை இடிந்த மறுவருடத்திலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அத்தை அவனுக்கு ஓர் அகராதி பரிசு கொடுத்துவந்தாள். மொத்தம் இருபத்தாறு அகராதிகள். பெரியது, சின்னது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது, படம் போட்டது. "உங்க அத்தைக்கு இந்த ஊர்ல வேற கடையே தெரியாதா?" என்று அவன் மனைவி ஒருமுறை கேட்டபோது, வயதானவர்கள் அப்படித்தான் என்று சொல்லிவைத்திருந்தான். ஒன்றைக்கூட அவன் திறந்து பார்த்ததில்லை.

சிரிப்பு நிற்க நேரமாயிற்று. ஆ லெக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "அண்ணே? தண்ணி கொண்டாரட்டுமா?"

"வேணாம்பா. நீ வேலையைப் பாரு. கதவு வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி வெய். உள்பக்கமாத் திறந்தா ஆள் நிக்க எடம் பத்தாது."

இரண்டு மணி நேரம் கழித்து அவன் மாடியேறியபோது ஹஸ்னா ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தாள். கியான் ஹுவாட் உறையை மேஜைமேல் வைத்தான். வியர்வையில் அதன் ஒரு மூலை ஈரமாகியிருந்தது.

"நானூத்திப் பதினேழு" என்றான்.

ஹஸ்னா கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. "மேடம் போன்ல சொல்லியிருந்தாங்க சார். 'நானூத்திப் பதினேழு காணாமப் போகும். நாலு மணி வரைக்கும் தேடாதீங்க. அதுக்குள்ள வரலேன்னா மட்டும் அவன்கிட்ட கேளுங்க. திட்டிடாதீங்க'ன்னாங்க."

கியான் ஹுவாட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இதை எல்லாரும் பாப்பாங்களா?"

"கேட்டு வர்றவங்களுக்குக் காட்டித்தான் ஆகணும் சார். மேடத்தோட வேலையிலேயே அந்தச் சந்தையைப் பத்தித்தான் நிறையப் பேர் கேப்பாங்க. கட்டினதையும் கேப்பாங்க, இடிச்சதையும் கேப்பாங்க." அவள் தயங்கினாள். "குடும்பத்துல எழுதிக் கொடுத்தா, ஒரு உறையை இருபது வருஷம் மூடி வைக்கலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. காரணம் ஏதும் கேக்க மாட்டோம்."

படிவத்தையும் ஒரு பென்சிலையும் அவன் பக்கம் நகர்த்தினாள். இருபது வருடம் என்றால் அவனுக்கு எண்பத்து மூன்று. அதற்குள் அவனும் ஒரு மாளிகைக்குக் குடிபோயிருப்பான். இரண்டு பிள்ளைகளும் அவன் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். பென்சிலை எடுத்தான். பெயர் என்று இருந்த கட்டத்தின்மேல் நுனியை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"வேண்டாம்மா" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினான். "நான் எழுதினா எழுத்துப் பிழை வந்துடும்."

ஹஸ்னா படிவத்தை எடுத்து வைத்தாள். ஈரமான மூலையை ஒரு மெல்லிய தாளால் ஒற்றி எடுத்து, உறையைப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தாள்.

ஐந்து மணிக்கு மாளிகையை எதிர்ப்புறத்துத் திடலுக்குத் தூக்கிச் சென்றார்கள். எரியும்போது குடும்பத்தார் சுற்றிலும் கயிற்றைப் பிடித்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியில் அநாதை ஆவிகள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டுவிடும். அத்தைக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கியான் ஹுவாட்டின் பிள்ளைகள் இரவுதான் வந்துசேருவார்கள். கியான் ஹுவாட், அவன் மனைவி, ஐரீன், ஐரீனின் மகள் என்று நான்கு பேர். பிடிக்க ஆள் போதாமல் கயிறு தளர்ந்து தரையில் கிடந்தது. மாளிகையின் பின்பக்கம் முழுவதும் காவலில்லாமல் இருந்தது.

"இப்படி விட்டா கால்வாசி வீடுதான் போய்ச் சேரும்" என்றார் பூசாரி.

அப்போது பந்தலிலிருந்து நாலைந்து கிழவிகள் எழுந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் மீன்காரி ஆ மோய். பின்னால் தேங்காய் விற்ற சரோஜா, முழங்கால் வலியோடு சாய்ந்து சாய்ந்து. காலையிலிருந்து ஓரமாக உட்கார்ந்து சடங்கில் எரிக்கும் காகிதப் பணம் மடித்துக்கொண்டிருந்தவர்கள்.

"கயித்த இந்தப் பக்கம் குடுங்க" என்றாள் ஆ மோய்.

"நீங்க குடும்பம் இல்லையே அம்மா" என்றார் பூசாரி.

"முப்பத்து நாலு வருஷம் அவங்க கட்டிக் கொடுத்த எடத்துல நிம்மதியா உக்காந்து எழுந்தவங்க நாங்க. இதைவிட என்ன நெருக்கம் வேணும் உங்களுக்கு? குடுங்க கயித்த!"

பூசாரி கொடுத்தார். வட்டம் கூடியது. அவர் பட்டியலை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "இயாப் குவாட் சிம் அவர்களுக்கு. இரண்டு மாடி வீடு ஒன்று. கார் ஒன்று. வேலையாட்கள் இருவர். படிக்கட்டு ஒன்று. கழிவறை..." காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "கழிவறை ஒன்று."

"ரெண்டு! மேல ஒண்ணு, கீழ ஒண்ணு!" என்று கத்தினாள் ஐரீன்.

"கழிவறை இரண்டு" என்று திருத்திக்கொண்டார் பூசாரி.

தீ வைத்தார்கள். காகிதம் சட்டென்று பிடித்துக்கொண்டது. கூரை போயிற்று, கார் போயிற்று, வேலையாட்கள் கைகட்டியபடியே போனார்கள். முந்நூறு வருட அட்டை மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது. கிழவிகள் கயிற்றை விடாமல் புகைக்குள் இருமினார்கள்.

எல்லாம் அடங்கியபோது வெள்ளை வேனில் கடைசிப் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். ஹஸ்னா ரசீதைக் கொடுத்தாள். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு, குறைவு ஏதுமில்லை. கியான் ஹுவாட் முகத்தில் சாம்பல் அப்பியிருந்தது. வேனின் கூரை பந்தலில் இடிக்காமல் இருக்க, பின்னால் நின்று கையைக் காட்டி வேனைத் தெருவுக்குக் கொண்டுவந்தான்.

டிரைவர் கண்ணாடியை இறக்கினான். "சார், தொழுதுட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போகணும். பெட்டியெல்லாம் இருக்கு. வெயில் படாம வண்டிய நிறுத்த எடம் இருக்கா?"

"இருக்கு. நேராப் போய் வலது பக்கம் திரும்புங்க. சந்தை வரும். மூணாவது மாடி எப்பவும் காலியாத்தான் இருக்கும்."

டிரைவர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். "சந்தையா? இதுல கார் நிறுத்தற கட்டடம்னு காட்டுதே சார்?"

"சந்தைதான்" என்றான் கியான் ஹுவாட்.

முன்னிருக்கையில் ஹஸ்னா அவனைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பட்டியலை மூடினாள். வேன் நகர்ந்தது. மூலைவரை மெதுவாகப் போய், விளக்கைச் சிமிட்டி, வலது பக்கம் திரும்பியது.